சர்க்கரைச் செருப்பு

கருகிய தட்டை ஊறப்போடாமல் தேய்த்தால் தட்டு தேயாது, கைதான் தேயும். அது அக்காவுக்குத் தெரியும். ஆனால் அடுத்த ஈட்டுக்கு மாவைக் கலக்கி வைத்துக்கொண்டு மாஸ்டர் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"என்னக்கா, தட்டத் தேய்க்கிறீங்களா, தாலாட்டுறீங்களா?"

"தாலாட்டினாலாவது தூங்கும். இது அசைய மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே அவள் கம்பி நாரை இன்னும் அழுத்தி இழுத்தாள்.

பேக்கரியின் பின்புறம் தகரம் போட்ட ஒடுக்கமான இடம் அது. ஒரு குழாய், இரண்டு சிமெண்டுத் தொட்டிகள், சுவரில் சாய்த்து அடுக்கிய தட்டுகள். தொட்டித் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. காலையிலிருந்து நீரிலேயே கிடந்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த முதலாளியம்மாவுக்கும் அக்கா. ஆனால் முதலாளியம்மாவின் மரியாதை அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் வருவது "நீ"தான்.

தொட்டியை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அலங்கார அறை. அதில் அவளுடைய தம்பி மனைவி வேலை செய்தாள். சர்க்கரைப் பசையை இதழ் இதழாகக் கிள்ளி ரோஜா செய்வதால் அவளுக்குப் பூக்காரி என்று பெயர் விழுந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அந்த அறைக்கு வந்தவள். புருஷன் போய் அக்கா தனியாளாக நின்றபோது, முதலாளியம்மாவிடம் பேசி இந்தத் தொட்டி வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். "எங்க அண்ணிம்மா. கை சுத்தம், வாய் சுத்தம்" என்று சொல்லித்தான் சேர்த்துவிட்டாள்.

சுவருக்கு அப்பாலிருந்து இருமல் கேட்டது. கேட்டுப் பழகிய இருமல்தான். கேக்கின் மேல் போர்த்துகிற ஃபாண்டன்ட் என்ற அந்தச் சர்க்கரைப் பசைக்கு ஈரமும் ஆகாது, காற்றும் ஆகாது. அதனால் அந்த அறையில் ஜன்னலை ஆணி அடித்து மூடி, ஏசி போட்டிருந்தார்கள். பசை மேசையில் ஒட்டாமலிருக்க சோள மாவையும் பொடித்த சர்க்கரையையும் தூவித் தூவித்தான் தேய்க்க வேண்டும். தூவிய பொடி கீழே விழுந்தது பாதி, காற்றில் நின்றது பாதி. அதை வெளியே இழுக்கும் விசிறி சுவரில் இருந்தது. அது சுற்றி வெகு காலமாயிற்று.

ஆனால் இன்றைய இருமல் நிற்கவில்லை. நடுவே மூச்சை இழுக்கும்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது. அக்கா தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். பூக்காரி மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியில் கண்ணீர் கோடு கிழித்து இறங்கியது.

முதலாளியம்மாவும் வந்துவிட்டாள். கடையின் முன்பக்கம் நின்ற ஒரு பெண், "சாப்பிடுற பொருள் மேலயா இப்படி இருமுறாங்க?" என்று கேட்டு, எடுத்த பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக்கா. ஆஸ்பத்திரியில காட்டு" என்றாள் முதலாளியம்மா. குரலில் கோபமில்லை. "நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். இளம் டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, என்ன வேலை என்று விசாரித்தார்.

"பொடி இருக்கிற இடத்துல நீங்க நிக்கவே கூடாதும்மா."

"எத்தன நாளைக்கு சார்?" என்று கேட்டாள் பூக்காரி.

அவர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். "முதல்ல இது சரியாகட்டும்" என்றார். அதையே பூக்காரி பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை, "சரியானதும் போலாம்னு சொல்லிட்டாரு, இல்ல அண்ணி?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அக்கா அவளைப் படுக்கவைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது முதலாளியம்மா அலங்கார அறையில் நின்றிருந்தாள். மேசையில் அரைகுறையாகத் தேய்த்த பசை காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் ஒரு ரிட்டயர்மெண்ட் கேக் இருக்குக்கா. முன்பணம் வாங்கியாச்சு. மேல ஒருத்தர் சாய்வு நாற்காலியில உக்காந்த மாதிரி பொம்மை வேணும். வெளியில ரெண்டு பேரக் கேட்டேன், ஒருத்தரும் கிடைக்கல."

"மாஸ்டர்..." என்று அக்கா இழுத்தாள்.

அடுப்புப் பக்கமிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். "என்னைய விட்டுடுங்க. என்னோடது அனல் கை. நான் தொட்டேன்னா ரிட்டயர் ஆனவரு பாகா ஓடிருவாரு."

முதலாளியம்மா அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஈரம் காயாத, சில்லென்ற கை. "இந்த வேலைக்கு இந்த மாதிரி கைதான் வேணும். தினமும் அவ செய்யறதப் பாத்துட்டுத்தானே இருக்க?"

"பாத்ததெல்லாம் செஞ்சுட முடியுமாம்மா?"

"முடியலன்னா சொல்லு. பணத்தத் திருப்பிக் குடுத்துட்டு, அப்புறம் நிரந்தரமாவே ஒரு ஆளப் போட்டுக்கறேன்."

அன்று மாலை அக்கா அதை வீட்டில் சொன்னாள். ஒரே அறையும் சமையல் மூலையுமான வீடு. தம்பி சரக்கு வண்டியோடு வெளியூர் போயிருந்தான். பூக்காரி இரண்டு தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நிரந்தரமாக ஒரு ஆள் என்ற வார்த்தையைக் கேட்டதும் பூக்காரி முட்டு இல்லாமலே நிமிர்ந்துவிட்டாள்.

"நீங்களே செஞ்சுடுங்க அண்ணி. வெளியாளு வந்தான்னா அப்படியே உக்காந்துருவா. நீங்கன்னா, நான் வர்ற வரைக்கும் என் இடம் என் இடமாவே இருக்கும்."

"எனக்குத் தெரியாதேம்மா. கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுப்போகாது. கொஞ்சம் கோதுமை மாவு எடுத்துட்டு வாங்க."

மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கவிழ்த்துப் போட்ட பாத்திரத்தையே கேக்காக வைத்துக்கொண்டு பழகினார்கள். பூக்காரி மூச்சு வாங்கும்போது கையை உயர்த்துவாள். அக்கா நிறுத்திக் காத்திருப்பாள். மூச்சு வந்ததும் மறுபடி ஆரம்பிப்பாள். "நடுவுல அழுத்தாதீங்க. நடுவுலேர்ந்து வெளிய தள்ளுங்க. தள்ளிட்டுத் தள்ளிட்டு கால் வட்டம் திருப்புங்க. அப்பத்தான் வட்டமா வரும்." மாவு ஒரு மூலை நீண்டு, நாலாவது முறைதான் வட்டத்துக்குக் கிட்டே வந்தது. பூக்காரி கையைத் தட்டிச் சிரித்து, சிரித்ததால் இருமினாள். அக்கா அவள் முதுகை நீவிவிட்டாள்.

"முதல்ல பொம்மையச் செஞ்சு காய வெச்சுடுங்க. அப்புறம் கேக்க மூடுங்க. என் சாமானெல்லாம் மேசையடியில நீல டப்பாவுல இருக்கு. எதுவா இருந்தாலும் போன் பண்ணுங்க. கூச்சப்படாதீங்க."

மறுநாள் காலையில் அக்கா கையை முழங்கை வரை கழுவித் துடைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். வெளியே தொட்டியில் தட்டுகள் குவிய ஆரம்பித்திருந்தன. இதை முடித்துவிட்டு அதையும் முடித்தாக வேண்டும். ஏசிக் குளிரில் ஈரப் புடவை காலில் ஒட்டியது. நீல டப்பாவைத் திறந்தாள். சிறு கத்திகள், முனை உருண்ட குச்சிகள், ஒரு குண்டூசி, பல் உடைந்த சீப்பு ஒன்று. சீப்பு எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. போன் செய்தாள்.

"துணி நெசவு மாதிரி கோடு விழறதுக்கு அண்ணி. நாற்காலித் துணிக்கு அத லேசா அழுத்திப் பாருங்க."

பசை முதலில் கல்லாக இருந்தது. பிசையப் பிசைய இளகி, குழந்தையின் கன்னம் போல ஆயிற்று. பழுப்பு நிறத்தைப் பல்குச்சி முனையில் எடுத்துத் தடவிப் பிசைந்தாள். நாற்காலி வந்தது. ஒரு கால் குட்டையாகி நாற்காலி சாய்ந்தது. சாய்வு நாற்காலிதானே என்று விட்டுவிட்டாள். பிறகு வெள்ளைச் சட்டை, சாம்பல் கால்சட்டை, உருண்டைத் தலை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகு நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்து வைத்தாள்.

அவள் கணவன் அப்படித்தான் உட்காருவான். ஒரு கிடங்கில் காவல்காரனாக இருந்தான். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒட்டி, முனை வாசலைப் பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்வான். திரும்பக் கிளம்பும்போது தேட வேண்டாமாம். ஓய்வு பெறும் வயது வரும் முன்பே ஒரு விடிகாலையில் கிடங்கு வாசலில் உட்கார்ந்தபடியே போய்விட்டான்.

பழுப்புப் பசையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அக்கா அதில் அரைவிரல் நீளத்துக்கு இரண்டு செருப்பு செய்தாள். வாரும் வைத்தாள். பொம்மையின் நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்து, முனை வெளியே பார்க்கும்படி வைத்துப் பார்த்தாள். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. கை பழகட்டும் என்றுதான் செய்தாள்.

பொம்மை காயும்போது வெளியே போய் ஒரு சுமை தட்டுகளைக் கழுவிவிட்டு வந்தாள். மதியத்துக்குப் பிறகு கேக்கை எடுத்தாள். மாஸ்டர் கிரீம் பூசிக் குளிரவைத்திருந்தார். சோள மாவைத் தூவி, வெள்ளைப் பசையைத் தேய்த்து, உருளையில் சுற்றித் தூக்கியபோது அது நடுவில் கிழிந்தது. இரண்டாவது முறை தூக்கும் வரை தாங்கி, கேக்கின் விளிம்பில் வெடித்தது. யானைத் தோல் மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருந்தது. அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"போச்சும்மா. ரெண்டு தடவ போச்சு."

"அழாதீங்க. கண்ணீர் பட்டா அது இன்னும் கெட்டுப்போகும்" என்றாள் பூக்காரி. பேச்சுக்கு நடுவே அவள் மூச்சு சீறியது. "பயத்துல மாவ நிறையத் தூவியிருப்பீங்க. அதான் காஞ்சு போச்சு. உள்ளங்கையில கொஞ்சம் வெண்ணெய் தடவிட்டு திரும்பப் பிசைங்க. மாவ அளவாத் தூவுங்க. தூவும்போது... மூச்ச அடக்கிக்கோங்க அண்ணி. நான் அடக்காம விட்டேன்."

மூன்றாவது முறை பசை கேக்கின் மேல் விழுந்து படிந்தது. ஓரங்கள் பாவாடைக் கொசுவம் போலத் தொங்கின.

"மடிப்பு விழுது."

"இழுக்காதீங்க. குழந்தைக்குப் பாவாடைய விரிச்சு விடுவோம்ல, அப்படி விரிச்சு விட்டுட்டு, கையால மேலேர்ந்து கீழ தடவிட்டே வாங்க. சுத்தி வாங்க. ஒரே பக்கமா நிக்காதீங்க."

அக்கா சுற்றி வந்தாள். கொசுவம் ஒவ்வொன்றாக மறைந்தது. மேலே ஒரு காற்றுக் குமிழி எழுந்தது. குண்டூசியால் குத்தி, விரலால் நீவினாள். பிளாஸ்டிக் பலகையால் தேய்க்கத் தேய்க்க அது கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி ஆயிற்று. அடியில் தொங்கியதைக் கத்தியால் அறுத்து எடுத்தாள். பின்பக்கம் ஒரு மடிப்பு மட்டும் பிடிவாதமாக நின்றது. அதை மறைத்து ஒரு நீல நாடா ஒட்டினாள். நாற்காலியைத் தூக்கி நடுவில் வைத்தாள். தயங்கி, செருப்பையும் வைத்தாள். எழுத்தை மாஸ்டர் எழுதிக் கொடுத்தார்: "இனி ஓய்வெடுங்கள் அப்பா."

"அடேங்கப்பா" என்றார் மாஸ்டர். "இதுக்கு மேல தட்டு கழுவச் சொன்னா பாவம் பிடிக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் எதையாவது செய்து, அதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்து வெகு நாளாயிருந்தது.

கேக் வாங்க வந்தது ஓய்வு பெறுகிறவரின் மகள். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்க, அவசரமாக வந்தாள். பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தச் செருப்பு..." என்றாள். "நான் சொல்லவே இல்லையே. எங்கப்பா இப்படித்தான் கழட்டி வெப்பாரு. யாரு செஞ்சது?"

"எங்க ஆளுதான்" என்றாள் முதலாளியம்மா.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்தாள். அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்வதாகச் சொன்னாள். அடுத்த மாதம் தன் தோழியின் கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக் இங்கேதான் என்று அப்போதே பேசி முடித்துவிட்டுப் போனாள். கதவிடுக்கில் நின்று அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மா அவளைக் கல்லாவுக்கு அழைத்து, நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அந்தக் கடையில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பூக்காரி இத்தன வருஷம் செஞ்சா. கேட்டத நல்லாத்தான் செய்வா. ஆனா இப்படி ஒரு செருப்பு வெக்கணும்னு அவளுக்குத் தோணினதே இல்லக்கா. நீயே இனிமே அந்த வேலையப் பாரு."

"அவ வர்ற வரைக்கும்தானேம்மா?"

முதலாளியம்மா பேனா மூடியைக் கழற்றி மாட்டினாள். "டாக்டர் என்ன சொன்னாருன்னு நீதானே சொன்ன? பொடியில நிக்கக் கூடாதுன்னுட்டாரு. மறுபடியும் உள்ள விட்டு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அந்த விசிறிய மட்டும் சரி பண்ணிட்டா, பொடி வெளிய போயிடும்மா. அவளுக்கு இருமல் வராது."

"பாக்கலாம். சீசன் முடியட்டும்." பிறகு குரலைத் தணித்தாள். "உனக்கு இப்போ வாங்குறதுக்கு மேல கொஞ்சம் சேத்துத் தரேன். அவ வாங்கினது இப்போதைக்கு முடியாது. நீ இப்பத்தானே கத்துக்கற. வேண்டாம்னா சொல்லிடு, கட்டாயமில்ல. இன்னிக்குக் காலையில கூட ஒரு பொண்ணு வேல கேட்டுட்டுப் போச்சு."

அக்கா எழுந்து பின்பக்கம் போய் மிச்சத் தட்டுகளைக் கழுவினாள். கழுவியதையே இரண்டாம் முறை கழுவினாள்.

வீட்டில் பூக்காரி வாசல்படியிலேயே காத்திருந்தாள். "விரிசல் விட்டுச்சா? மடிப்பு விழுதுன்னீங்களே, அத என்ன பண்ணீங்க? படம் எடுத்தீங்களா?" என்று மூச்சு விடாமல் கேட்டு, கேட்டதற்காக இருமினாள். அக்கா போனை நீட்டினாள். பூக்காரி படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நாடா ஒட்டி மறைச்சீங்களா? நானும் அதான் பண்ணுவேன். ஓரம் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. அண்ணி, உங்கள இத்தன நாளா தொட்டியில போட்டு வெச்சுட்டேனே!" படத்தை நகர்த்தினாள். விரல் நின்றது. "இது என்ன, செருப்பா?"

"சும்மா வெச்சேன்."

"நல்லா இருக்கு" என்றாள் பூக்காரி. பிறகு நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "என்ன ஆச்சு அண்ணி?"

சொல்ல வேண்டியதை எல்லாம் அக்கா நின்றபடியே சொன்னாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. பூக்காரி கேட்டுக்கொண்டே, காய்ந்து கிடந்த மகளின் சட்டையை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

"நான் மாட்டேன்னு சொல்லிடறேன்" என்றாள் அக்கா.

"சொல்லிட்டு? ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கவா? உங்க தம்பி கொண்டு வர்றது வாடகைக்கே சரியா இருக்கு. என் மருந்து எதுல வாங்கறது?"

"நான் வேணும்னு எதுவும்..."

"தெரியும்." பூக்காரி சட்டையை மடியில் போட்டுவிட்டாள். சட்டென்று குரல் உடைந்தது. "அந்தச் செருப்ப எதுக்கு அண்ணி வெச்சீங்க? கேட்டத மட்டும் செஞ்சுட்டு வந்திருக்கக் கூடாதா? சுமாரா இருந்தாலே போதுமே. அதுக்குத்தானே உங்கள அனுப்பினேன்!"

அக்கா சமையல் மூலைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள். அவளுக்குப் பின்னால் பூக்காரி அழுவதும், அழுகை மூச்சில் சிக்குவதும், மூச்சு மருந்துக் குப்பியை வாயில் வைத்து அழுத்தும் சத்தமும் கேட்டன. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

அடுத்து வந்த நாட்களில் இருவரும் பேசினார்கள்; சோறு ஆயிற்றா, குழந்தை குளித்தாளா என்ற அளவுக்கு. அக்கா காலையில் கிளம்பும்போது பூக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். கடையில் ஏதாவது புரியாதபோது அக்காவின் விரல் போன் வரை போய்த் திரும்பிவிடும். ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் முயல் காது முறிந்து விழுந்தபோதும் அவள் அழைக்கவில்லை. காது மடங்கிய முயலாகவே அனுப்பினாள். தொட்டியில் தட்டுகள் மலைபோலக் குவிந்தன. அக்காவால் இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை என்று மாஸ்டர் முதலாளியம்மாவிடம் முணுமுணுத்தார்.

இருமல் ஒருவாறு அடங்கியதும், பூக்காரி தலையை வாரிப் பின்னி, நல்ல புடவை கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் மடியில் கை வைத்துக் காத்திருந்தாள். முதலாளியம்மா கல்லாவில் ஒவ்வொருவராக அனுப்பிவிட்டுக் கடைசியில் அவள் பக்கம் திரும்பினாள்.

"உடம்பு பரவாயில்லையா?"

"பரவாயில்லம்மா. நான் முகத்துல துணி கட்டிக்கிட்டு செய்யறேன். பாதி நேரம்னாலும் போதும்."

"வேணாம்மா. உன் குழந்தை முகத்த நினைச்சுப் பாரு."

பூக்காரி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த கேக்குகளைச் சற்று நேரம் பார்த்தாள். அங்கே காட்சிக்காக அவள் செய்து வைத்த கேக் ஒன்று இன்னும் இருந்தது. உள்ளே தெர்மாகோல், மேலே ரோஜாக்கள்.

"அப்போ தட்டு கழுவுற இடம் காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். "அங்க பொடி இல்லையே."

முதலாளியம்மா கல்லாவை இழுத்து மூடினாள். "உனக்குச் சம்மதம்னா சரி. ஆனா சம்பளம் புது ஆளுக்கு உள்ளதுதான். அப்புறம் பேச்சு வரக் கூடாது."

இப்படித்தான் பூக்காரி தொட்டிக்கு வந்தாள். அக்காவுக்கு அது அலங்கார அறையில் இருக்கும்போதுதான் தெரிந்தது. சுவருக்கு அப்பால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டு, புது ஆள் யாரென்று பார்க்கப் போனாள். பூக்காரி புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, ரப்பர் விரிப்பை இடுப்பில் கட்டிக் குந்தியிருந்தாள்.

"வீட்டுல சொல்லவே இல்லையே" என்றாள் அக்கா.

"சொன்னா விடமாட்டீங்க." பூக்காரி நிமிரவில்லை. "இந்தத் தொட்டியில அடைப்பு இருக்கு அண்ணி. இத்தன நாள் எப்படிச் சமாளிச்சீங்க?"

"ஒரு கம்பி வெச்சிருக்கேன். குழாய்க்குப் பின்னால இருக்கும், எடுத்துக்கோ."

அன்றிலிருந்து அவர்கள் சேர்ந்து போனார்கள், சேர்ந்து வந்தார்கள்.

மூன்றடுக்குக் கல்யாண கேக்கின் நாள் நெருங்கியது. அடுக்குகளைப் போர்த்துவது அக்காவுக்குக் கைவந்துவிட்டது. ஆனால் மேலிருந்து கீழ்வரை ரோஜாக்கள் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அக்கா செய்த ரோஜா முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. நாலைந்து செய்து பார்த்துக் கசக்கிப் போட்டுவிட்டு, ஒரு சிறு உருண்டைப் பசையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். அவள் முந்தானையிலும் இமையிலும் பொடி படிந்திருந்தது.

"இதழ் தடிச்சுப் போகுதும்மா. ஒண்ணு செஞ்சு காட்டு, போதும்."

பூக்காரி முழங்கை வரை எண்ணெயும் சோப்பு நுரையுமாக இருந்தாள். கையை நீட்டினாள். பசைக்கு அருகில் வந்த விரல்கள் நின்றன. நனைந்த கை பட்டால் சர்க்கரை நிமிஷத்தில் கரைந்து பிசுபிசுக்கும். முந்தானையில் துடைக்கப் பார்த்தாள், முந்தானையும் நனைந்திருந்தது. உள்ளேயிருந்து மாஸ்டர் தட்டு கேட்டுக் குரல் கொடுத்தார்.

"நீங்க உருண்டைய உங்க கையிலயே வெச்சுக்கோங்க" என்றாள் பூக்காரி. "என் விரலப் பாருங்க. ஓரத்த மட்டும் மெலிசாக்கணும். நடுவத் தொடக்கூடாது. இப்படி... அப்புறம் பெருவிரலால மெதுவா வெளிய மடக்கணும். இப்படி. அடுத்த இதழ் இதோட பாதிய மூடணும்."

அக்கா வாசலில் நின்று, பார்த்துப் பார்த்துத் தன் கையிலிருந்த பசையைக் கிள்ளினாள். பூக்காரி தொட்டியருகில் குந்தியபடி, வெறுங்காற்றில் ஒவ்வொரு இதழாக மெலிதாக்கி, மடக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனிகளிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது.